ஆறாவது தாராக் குழல்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், கருங்காலியில் கடைந்த சின்னக் குழல் ஒன்று நிற்கிறது. கைக்குள் அடங்கும். ஒரு முனை வாய் வைத்து ஊதுவதற்கு. மறுமுனையில் சத்தம் வெளியேறும் செருகு. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பித்தளை வளையம். ஊதினால் தாரா, அதுதான் வாத்து, கத்தும். வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் பற்றைக்குள் ஒளிந்திருந்து இதை ஊத, மேலே பறக்கிற தாராக்கள் தங்கள் இனம்தான் கூப்பிடுகிறது என்று நம்பிக் கீழே இறங்குமாம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "என்ன ஐயா இது, மருந்துக் குப்பியோ?" என்பார்கள். உடனே நான் கதை சொல்லத் தொடங்குவேன். நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் அதில் ஒரு இடத்தில் பொய் சொன்னேன். அந்த இடத்தைச் சரியாக எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலேறி வந்து, மருதானையில் ஒரு தளபாடக் கடையில் மரச் சீவல் கூட்டிப் பிழைத்தேன். கூட்டுகிறபோது லேத் மெசினைப் பார்த்தேன். பார்த்தே பழகினேன். முப்பது வயதில் கொட்டாஞ்சேனையில் எனக்குச் சொந்தப் பட்டறை. கட்டில் கால், மாடிப்படிக் கம்பு, தொட்டில், கோயில் வாகனத்துக்குக் குமிழ் என்று நான் கடையாத சாமான் இல்லை. அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் இடியப்பம் பிழிந்த வீடுகளில் பாதி வீட்டில் என் உரல்தான் இருந்தது. மற்றப் பாதி வீட்டார் என் உரலை இரவல் வாங்கினார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். படிக்காத மனிசனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

சண்டைக் காலத்தில் ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு துரை பட்டறைக்கு வந்தார். மலையில் தேயிலைத் தோட்டம் பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழும் தோட்டத்தில் பழகிய தமிழ்தான். அவருடைய மகள் குடும்பம் வெளிநாட்டில். மருமகன் தாரா சுடப் போகிறவராம். அவருக்கும் கூட்டாளிகளுக்குமாக ஆறு தாராக் குழல் வேண்டும், பழைய கருங்காலிக் கட்டில் ஒன்றின் கால்களைத் தருகிறேன், ஒன்பது நாளில் வருகிற வெள்ளிக்கிழமை ஒரு சொந்தக்காரர் விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

"கருங்காலி வெடிக்கும்னு சொல்றாங்களே. வெடிக்காம செய்வியா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"என்ரை கையாலை கடைஞ்ச சாமான் வெடிச்ச சரித்திரமே இல்லை, துரை. வியாழக்கிழமை பின்னேரம் ஆறும் உங்கட மேசையிலை நிக்கும்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியேறியபோது என் மச்சான் பட்டறை மூலையில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஆர்மோனியம் திருத்துகிறவர். நாடகக்காரர், பஜனைக்காரர், தேவாலயத்துப் பாட்டுக்காரர் எல்லோரும் அவரைத் தேடித்தான் வருவார்கள். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து, பித்தளை நாக்குகளை அரத்தால் ஒரு மயிரளவு தேய்த்துச் சுருதி கூட்டுவார். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஸ்பொன்சர் செய்தபடியால் கொழும்புக்கு வந்து எங்களோடு தங்கி, தூதரகம் கூப்பிடும் வரை காத்திருந்தார். ஒன்றரை வருசம் காத்திருந்தார். கடைசியில் அதே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

அந்த ஒன்றரை வருசம் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்பதை இப்போதுள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு ஆம்பிளை வீட்டில் இருந்தால் பொலிஸில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்க வேண்டும். சட்டை தோய்க்கப் போட்டால் முதலில் பையைப் பார்க்க வேண்டும். படலையில் யாரும் தட்டினால் என் மனைவி அடுப்படியில் கையை அப்படியே நிறுத்திவிடுவாள். எங்கேயாவது குண்டு வெடித்தது என்று ரேடியோ சொன்னால் அன்றைக்கு மச்சான் வாசலுக்கே வரமாட்டார். நாங்கள் பயந்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. காய்ச்சல்காரன் காய்ச்சலோடு வேலைக்குப் போகிற மாதிரி, பயத்தோடு சாப்பிட்டோம், பயத்தோடு சிரித்தோம்.

கருங்காலி வேலையும் அப்படித்தான். பார்வைக்கு இரும்பு மாதிரி இருக்கும். நூறு வருசக் கட்டில் காலாக நின்ற மரம்தானே என்று நம்பித் துளைத்தால், இதுவரை காற்றே படாத உள்மரம் வெளியே வந்து திடுக்கிட்டுப்போகும். அவசரப்பட்டுத் துளைத்தால் சூட்டிலேயே பிளந்துவிடும். கொஞ்சம் துளைத்து, துளைக்கும் ஊசியை வெளியே எடுத்து, ஆறவிட்டு, மறுபடி துளைக்க வேண்டும். பிறகு வெட்டிய முகங்களில் மெழுகு பூசி, அதன் சொந்தச் சீவலுக்குள்ளேயே புதைத்து, பிஸ்கட் தகரத்தில் மூடிப் பன்னிரண்டு நாளாவது வைக்க வேண்டும். அதற்குள் வெடிக்கிறது வெடித்துவிடும். மிஞ்சுவதை எடுத்துக் கடைசிக் கடைசல் செய்யலாம். என்னிடமோ துரை தந்தது மொத்தம் ஒன்பது நாள். நான் ஐந்தாம் நாளே தகரத்தைத் திறந்தேன்.

"அத்தான், இன்னும் ரெண்டு மூண்டு நாள் கிடக்கட்டுமே. துரையிட்டைச் சொன்னால் அவர் விளங்கிக்கொள்ளுவார்" என்றார் மச்சான்.

"நீ உன்ரை பீப்பீ வேலையைப் பார். மரம் எனக்குத் தெரியும்" என்றேன். அப்போதெல்லாம் அவரை நான் "நீ" என்றுதான் பேசுவேன்.

பீப்பீ என்றது குழலுக்குள்ளே துடிக்கிற நாக்கை. துரை காட்டிய வெளிநாட்டுக் குழலில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருந்தது. அதைப் போல ஒன்று இங்கே எங்கும் கிடைக்கவில்லை. மச்சான் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தன் நெஞ்சு எக்ஸ்ரேப் படத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்குப் போக மெடிக்கல் செய்தபோது முதலில் எடுத்த படம் தெளிவில்லை என்று இரண்டாவது எடுத்தார்களாம். முதல் படத்தைச் சும்மா சுருட்டி வைத்திருந்தார். அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, நுனியை அரத்தால் தடவி, ஊதி, மறுபடி தடவி, ஆறு குழலையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தார். முதல் தாரா கத்தியபோது என் மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள்.

"தம்பி, மெல்ல ஊது. ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்?"

"என்னக்கா நினைக்கிறது, அத்தான் வீட்டிலை தாரா வளக்கிறார் எண்டு நினைப்பினம்."

அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

புதன்கிழமை காலை மச்சான் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தார். நான் குழல்களுக்குக் கடைசி மினுக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது குழலைக் கையில் எடுத்தபோது, "டிக்" என்று ஒரு சத்தம். மணிக்கூட்டு முள் ஒரு தடவை நகர்ந்த மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வளையத்துக்குக் கீழே தொடங்கி ஒரு மயிர் அளவான வெடிப்பு. அரை விரல் நீளம் இருக்கும். நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். துரைக்கு ரெலிபோன் எடுத்து, ஐந்துதான் முடிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. கருங்காலித் தூளைச் சுப்பர் குளூவில் குழைத்து வெடிப்புக்குள் அடைத்தேன். குளூ உள்ளே ஓடி, செருகையும் குழலையும் சேர்த்து ஒட்டிவிட்டது. அதையும் பரவாயில்லை என்று விட்டேன். அரக்குப் போட்டுத் தேய்த்து முடித்தபோது, வெடிப்பு எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அதிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது, பாருங்கள். மச்சான் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவற்றை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். காலையில் ரேடியோ, தெற்கே போகிற பாதையில் சோதனை கடுமை என்றது. பட்டறையில் அவசர வேலை கிடக்கிறது என்று மச்சானிடம் வெறும் பையை நீட்டினேன். அவசர வேலை ஒன்றும் கிடக்கவில்லை. புதுப் பதிவுக் கடதாசி இருக்கிறது, அவருக்கு ஒன்றும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு இவனுக்கு இன்ரவியூ. இண்டைக்கு ஏன் ரோட்டிலை விடுறியள்?" என்று மனைவி கேட்டாள்.

"அக்கா, நான் போறதுதான் நல்லது. துரைக்கு ஊதிக் காட்டோணும். அத்தான் ஊதினால் தாரா எல்லாம் மற்றப் பக்கம் பறந்திடும்" என்றார் மச்சான். உள்ளே போய்க் குழல்களைப் பையில் அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பதினொன்றரை மணிக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு ரெலிபோன் வந்தது. கடைக்காரர் வாசலில் நின்று என்னைக் கைகாட்டி அழைத்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது மச்சானின் பையில் துளைத்த கறுப்புக் குழல்கள், பித்தளை வளையம், உள்ளே எக்ஸ்ரேக் கீற்று. பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தவன் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

முச்சக்கர வண்டியில் போகிறபோது எனக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. இன்று பின்னேரத்துக்குள் விடாவிட்டால் நாளைக் காலை ஒன்பது மணி போய்விடும். ஒன்பது மணி போனால் ஒன்றரை வருசம் போய்விடும். சந்தேகத்தில் பிடித்தது என்று ஒரு கடதாசியில் எழுதிவிட்டால் வெளிநாடு இல்லை, வீடும் இல்லை. என் மனைவிக்கு நான் ஒன்றும் சொல்லாமல்தான் வண்டியில் ஏறினேன். கடைக்காரர் சொல்லியிருப்பார். அவள் அடுப்படியில் கையை நிறுத்திக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

பொலிஸில் மச்சான் சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டையும் சப்பாத்தையும் கழற்றி வாங்கியிருந்தார்கள். அடித்த மாதிரித் தெரியவில்லை. கைரேகை எடுத்த மை விரல்களில் இன்னும் காயவில்லை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தோளில் கைவைத்து இருத்தினான்.

மேசையில் ஐந்து குழல்கள் பிரிந்து கிடந்தன. செருகை இழுத்து, நாக்கைப் பிடுங்கி, கீற்றுகளைக் கசக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆறாவது மட்டும் முழுதாக நின்றது. நான் குளூ போட்டது. அதை எவ்வளவு முறுக்கியும் திறக்க முடியவில்லையாம். மற்றவை திறக்கிறபோது இது மட்டும் ஏன் திறக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது பிரச்சினை. வெடிமருந்து தெரிந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சார்ஜன்ட் நரைத்த மீசைக்காரர். "மேக்க மொகக்த, முதலாளி?" என்றார். இது என்ன என்று கேட்டார். என் சிங்களம் மருதானையில் பழகிய சிங்களம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு அந்தச் சிங்களம் அரைகுறையாகத்தான் வந்தது. தாரா கூப்பிடுகிற குழல், மாத்தயா, என்றேன். வெளிநாட்டுக்குப் போகிற சாமான். நான்தான் கடைந்தேன்.

"தாராவோ? எஹெனம் பிம்பின்ன" என்றார். அப்படியென்றால் ஊது.

ஊதக்கூடிய நிலையில் மேசையில் இருந்தது அது ஒன்றுதான். கையில் எடுத்தேன். பஸ் சூட்டிலும், அவர்கள் முறுக்கிய முறுக்கலிலும் அடைத்த தூள் உதிர்ந்து, வெடிப்பு வாய் திறந்திருந்தது. வாயில் வைத்து ஊதினேன். "புஸ்ஸ்" என்றது. சைக்கிள் டியூப் காற்றுப் போகிற சத்தம். மறுபடி மூச்சை இழுத்துக் கன்னம் உப்ப ஊதினேன். மறுபடி புஸ். கான்ஸ்டபிள்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். சார்ஜன்ட் குழலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தாரா செத்துப்போச்சோ, முதலாளி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அத்தான், இஞ்சை தாங்கோ."

மச்சான்தான். சார்ஜன்ட் தலையை ஆட்ட, நான் குழலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. மை படிந்த பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, வளையத்துக்குக் கீழே ஒரு இடத்தில் அழுத்திவைத்து ஊதினார்.

தாரா கத்தியது. கூரைத் தகரம் அதிர, குளம் நிறையத் தாரா நிற்கிற மாதிரிக் கத்தியது. இரண்டாம் தடவை குரலை இறக்கி, தூரத்தில் ஒன்று பதில் சொல்கிற மாதிரி ஊதினார். வெளியே முறைப்பாடு எழுத வந்து நின்ற ஆட்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். சார்ஜன்ட் கதிரையில் சாய்ந்தார்.

"இது எங்கள் ஊர்த் தாரா இல்லை" என்றார். நான் மச்சானைப் பார்த்தேன். "நான் அனுராதபுரப் பக்கம். எங்கள் குளத்துத் தாரா, சேருவா, விசில் அடிக்கும். இப்படிக் கத்தாது. இது வெள்ளைக்காரத் தாரா."

அப்போதுதான் கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். சார்ஜன்ட் மச்சானை மறுபடி ஊதச் சொன்னார். பிறகும் ஊதச் சொன்னார். மச்சான் பெருவிரலை எடுக்காமலே ஊதினார்.

அத்தோடு விட்டுவிடவில்லை. பெரியவர் வர வேண்டும் என்று நாலரை மணி வரை இருத்தினார்கள். துரை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார்கள். வெடிமருந்து தெரிந்த ஆளும் வந்து குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் நான் மணியைப் பார்த்தேன். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஐந்து குழலையும் அங்கேயே வைத்துக்கொண்டு, ஆறாவதைச் சார்ஜன்ட் என் கையில் போட்டார். "வெடித்த சாமான் எனக்கு எதற்கு? நல்ல மேஸ்திரியிடம் கொடுத்துச் செய், முதலாளி" என்றார். நல்ல மேஸ்திரியிடம். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லாத சொல். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

துரைக்கு அன்று பின்னேரமே ரெலிபோனில், ஆறையும் பொலிஸ் வைத்துக்கொண்டது என்று சொன்னேன். ஆறில் ஒன்று வெடித்ததென்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் மனைவி தம்பியின் கையைப் பிடித்து மண்ணெண்ணெயும் தேசிக்காயும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். மற்ற விரல்களில் மை போனது. பெருவிரலில் நகத்தடியில் நின்றுவிட்டது. தூதரகத்தில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அழுதாள். மறுநாள் மச்சான் பெருவிரலை உள்ளே மடித்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார். அவர் திரும்பி வரும் வரை நாங்கள் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. விசா கிடைத்தது. ஆறு கிழமையில் போய்விட்டார். விமான நிலையத்தில் அவரிடம், "நீர் கவனமாய்ப் போம்" என்றேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து எனக்கு அவரை "நீ" என்று சொல்ல நா எழவில்லை. குழலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை, தமக்கையிடமும் சொல்லவில்லை.

பிறகு நான் வளர்ந்தேன். மூன்று மெசின், எட்டு ஆள். சண்டையும் முடிந்தது. குழல் அலுமாரிக்கு வந்தது. கதையும் வந்தது. என் கதையில் பொலிஸில் குழலை ஊதியவன் நான். கன்னம் உப்ப ஊதினேன், சார்ஜன்ட் எழும்பி நின்றுவிட்டார் என்று சொல்வேன். மனைவி கேட்டுக்கொண்டு தேத்தண்ணி வைப்பாள். அவளுக்கும் அதுதான் கதை.

ஆனால் அந்தப் பெருவிரல் என்னை விடவில்லை. நான் அரக்குப் போட்டு மறைத்த இடம். பொலிஸில் வாய் திறந்ததும் ஒரு மயிரளவுதான். கறுப்பில் கறுப்பு. அதைப் பார்க்காமலே எப்படிச் சரியாக விரல் போனது? எத்தனையோ வருசம் கழித்து ஒருநாள் ரெலிபோனில் கேட்டுவிட்டேன்.

மச்சான் சிரித்தார். "அது அண்டைக்குக் காலமையே தெரியுமே, அத்தான். பையிலை வைக்க முந்தி ஒவ்வொண்டையும் மெல்ல ஊதிப் பாத்தனான். காத்து எங்கை போகுதெண்டு தெரியாட்டி நான் என்ன ஆர்மோனியக்காரன்? விரலை வைச்சு ரெண்டு தரம் பழகியும் பாத்தனான். துரைக்கு முன்னாலை அதை நானே ஊதிக் காட்டுவம் எண்டுதான்."

"தெரிஞ்சுகொண்டு ஏனப்பா கொண்டுபோனனீர்? ஐஞ்சைக் கொண்டுபோயிருக்கலாமே?"

"நீங்கள் துரைக்கு ஆறெண்டு சொல்லிப்போட்டியள்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அங்கே பனி எப்படி, இங்கே மழை எப்படி என்று கதைத்தோம்.

போன மாதம் மச்சான் அங்கே காலமானார். செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர், அலுமாரியிலிருந்து குழலை எடுத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கம்போலத் தொடங்கினேன். பொலிஸில் குழலைக் கையில் எடுத்த இடம் வரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்ரை தம்பிதான் ஊதினவர்" என்றேன். குழலை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் குழலை வெளியே எடுத்தேன். உள்ளே நாக்கு இன்னும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துத் துளைவழியே உற்றுப் பார்த்தால் அதில் குறுக்கே வெளிறிய ஒரு கோடு தெரியும். அவருடைய விலா எலும்பு. பெருவிரலை ஈரமாக்கி, வளையத்துக்குக் கீழே அழுத்திவைத்து ஊதினேன். புஸ் என்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இத்தனை வருசத்தில் வெடிப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. இப்போது அதை மூட ஒரு பெருவிரல் போதாது.